பெர்லினில் ஆறு மாத ரெசிடென்சி: காகித வேலையில் வாரங்களை இழக்காமல் குடியேறுவது எப்படி?

2025 மார்ச் தொடங்கி ஆகஸ்ட் முடிய பெர்லினில் ஒரு ஆர்ட்டிஸ்ட் ரெசிடென்சியில் இருந்தேன். கலைஞரை அழைத்து, சில மாதம் தங்கி வேலை செய்ய வைக்கும் ஏற்பாடுதான் ரெசிடென்சி. நான் வுட்கட் செய்பவள், அதாவது மரப்பலகையில் உளியால் செதுக்கி அச்செடுப்பவள். கையில் இருந்தது 26 வாரம். அதில் முதல் ஏழு வாரத்தில் உளியைத் தொட்ட நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்ற நாட்கள் அப்பாயின்ட்மென்ட் தேடுவதிலும், வராத கடிதத்துக்குக் காத்திருப்பதிலும், வங்கிக்கும் அலுவலகத்துக்கும் அலைவதிலும் போயின. யாரும் என்னிடம் மோசமாக நடந்துகொள்ளவில்லை. எதை எந்த வரிசையில் செய்யவேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. நமக்கு வேலை செய்யவென்றே கிடைக்கும் நேரம் வாழ்க்கையில் சில முறைதான் வரும். அது இப்படிப் போகக்கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

இந்தியப் பாஸ்போர்ட்டோடு, தனியாக, மூன்று மாதத்துக்கு மேல் தங்கப் போகிறவர்களை மனதில் வைத்து எழுதியது இது. தொகைகள் நான் இருந்தபோது இருந்தவை. கிளம்பும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். யூரோவின் ரூபாய் மதிப்பையும் அன்றைய நிலவரப்படி பார்த்துக் கணக்குப் போடுங்கள்.

## 1. அழைப்புக் கடிதத்தை வரிவரியாகப் படித்து, தேவைப்பட்டால் மாற்றி வாங்குங்கள்

தேர்வாகிவிட்டோம் என்ற மகிழ்ச்சியில் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராக விசாவுக்கு ஓடாதீர்கள். விசா, வங்கி, முகவரிப் பதிவு எல்லாவற்றுக்கும் அந்த ஒரு கடிதம்தான் ஆதாரம். அதில் இருக்க வேண்டியவை: பாஸ்போர்ட்டில் உள்ளபடியே உங்கள் பெயர், தொடங்கும் தேதியும் முடியும் தேதியும், தங்கப்போகும் இடத்தின் முழு முகவரி, மாத உதவித்தொகை எவ்வளவு, வாடகை யார் பொறுப்பு, விமான டிக்கெட்டும் காப்பீடும் யார் பொறுப்பு. எனக்கு முதலில் வந்த கடிதத்தில் "தங்குமிடம் வழங்கப்படும்" என்று மட்டும் இருந்தது. முகவரி இல்லை. திருத்திக் கேட்டு வாங்குவதில் 12 நாள் போனது. ஐரோப்பாவில் ஒருவர் விடுமுறையில் போனால் அவர் திரும்பும்வரை அந்த வேலை நிற்கும் என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

இவற்றோடு மூன்று கேள்விகளை மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

முதலாவது: அந்த முகவரியில் 'அன்மெல்டுங்' செய்ய முடியுமா? அன்மெல்டுங் என்பது நீங்கள் எந்த வீட்டில் குடியிருக்கிறீர்கள் என்று அரசிடம் பதிவு செய்வது. அதற்கு வீடு தருபவர் ஒரு சான்றில் கையெழுத்துப் போட வேண்டும். சில இடங்களில் ஸ்டூடியோவிலேயே படுத்துக்கொள்ளச் சொல்வார்கள். ஸ்டூடியோ குடியிருப்புக் கணக்கில் வராது என்றால் பதிவு நடக்காது. பதிவு இல்லையென்றால் பின்னால் வரும் பாதி வேலைகள் நின்றுபோகும். "பார்த்துக்கொள்ளலாம்" என்ற பதிலை ஏற்காதீர்கள்.

இரண்டாவது: பணம் ஸ்டிபெண்டியமா, ஹோனோராரா? முன்னது உதவித்தொகை, பின்னது செய்யும் வேலைக்கான ஊதியம். வரி விஷயத்தில் இரண்டும் ஒன்றல்ல. கடிதத்தில் போட்ட தொகை பிடித்தம் போகக் கைக்கு வருவதா, பிடித்தத்துக்கு முந்தையதா என்று எழுத்தில் கேளுங்கள்.

மூன்றாவது: முதல் மாதப் பணம் எந்தத் தேதியில், எந்தக் கணக்கில் போடுவார்கள்? ஜெர்மன் கணக்கு வேண்டும் என்றால் முதல் தவணை ஐந்தாறு வாரம் தள்ளிப் போகலாம்.

## 2. பெயரை ஒரே வடிவத்தில் நிறுத்துங்கள்

இது நமக்கென்றே உள்ள சிக்கல். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் சிலருக்கு அப்பாவின் பெயர் குடும்பப் பெயர் இடத்தில் இருக்கும், சிலருக்கு அந்த இடமே காலியாக இருக்கும். கலை உலகில் நாம் கையெழுத்திடும் பெயர் மூன்றாவதாக ஒன்று.

ஜெர்மனியில் எல்லாமே குடும்பப் பெயரில்தான் ஓடும். எனக்கு வந்த கடிதங்கள் அத்தனையும் "ஃபிராவ்" (திருமதி) என்று தொடங்கி அப்பாவின் பெயரில் வந்தன. ஒரு மருத்துவரின் காத்திருப்பு அறையில் அப்பாவின் பெயரை இரண்டு முறை கூப்பிட்டார்கள். வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நான் உட்கார்ந்தே இருந்தேன். என்னைத் தாண்டி அடுத்தவர் உள்ளே போன பிறகுதான் உறைத்தது.

அழைப்புக் கடிதம், காப்பீடு, விமான டிக்கெட், விசா விண்ணப்பம், வங்கி, தபால்பெட்டி ஆகிய ஆறிலும் பாஸ்போர்ட் பெயரை எழுத்து மாறாமல் போடுங்கள். கலைப் பெயர் கண்காட்சி அழைப்பிதழில் இருக்கட்டும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருந்து, புறப்பட நான்கைந்து மாதமாவது இருந்தால், முதலில் பாஸ்போர்ட்டைத் திருத்திக்கொள்வது நல்லது.

## 3. விசா: நான்கு மாதத்துக்கு முன்பே தொடங்குங்கள்

90 நாளுக்குள் முடிகிற ரெசிடென்சி என்றால் ஷெங்கன் விசா போதும். கட்டணம் 90 யூரோ. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். சாதாரணமாக 15 நாளில் முடிவு வரும், சில சமயம் 45 நாள் வரை இழுக்கும். 90 நாளைத் தாண்டினால் தேசிய விசா, அதாவது டி வகை. கட்டணம் 75 யூரோ. இதற்கு ஜெர்மனியில் உள்ள வெளிநாட்டவர் அலுவலகத்தையும் கேட்டுவிட்டு முடிவு சொல்ல நேரலாம் என்பதால் வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் ஆகும். 2025 ஜனவரியிலிருந்து தேசிய விசாவுக்கு ஜெர்மன் வெளியுறவுத் துறையின் இணையதளத்திலேயே விண்ணப்பித்து ஆவணங்களை ஏற்றலாம். அதன்பின் நேரில் போய் விரல்ரேகையும் மூல ஆவணங்களும் கொடுக்க வேண்டும்.

ஆவணங்களில் பெரும்பாலானவை உங்களுக்குத் தெரிந்தவைதான்: பாஸ்போர்ட், 35க்கு 45 மில்லிமீட்டர் புகைப்படம், அழைப்புக் கடிதம், காப்பீடு, வங்கி அறிக்கை, தன்விவரம். நான் கூடுதலாகச் சேர்த்தது, ஆறு மாதத்தில் என்ன செய்யப்போகிறேன் என்று ஒரு பக்கத் திட்டமும், பழைய கண்காட்சிகளின் அழைப்பிதழ்களும். அப்பாயின்ட்மென்ட் மையத்தில் இருந்தவருக்கு ரெசிடென்சி என்றால் என்னவென்று புரியவில்லை. "படிக்கப் போகிறீர்களா, வேலைக்கா?" என்று மூன்று முறை கேட்டார். இரண்டும் இல்லை என்று வாயால் விளக்குவதைவிட அந்த ஒரு பக்கம் உதவியது.

இதில் உள்ள கண்ணிகள்:

- குறுகிய கால ஷெங்கன் விசாவில் போய், அங்கே நீட்டித்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். விபத்து, கடும் நோய் போன்ற காரணங்களுக்குத்தான் அது நடக்கும்.
- விசா முழு ரெசிடென்சி காலத்துக்கும் வேண்டும் என்று விண்ணப்பத்திலும் திட்டத்திலும் தேதியோடு எழுதுங்கள். முழுக் காலத்துக்கும் கிடைத்துவிட்டால் பெர்லினில் குடியிருப்பு அனுமதிக்கு அலைய வேண்டாம். பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் ஸ்டிக்கரில் தேதிகளையும் பெயரையும் அங்கேயே சரிபாருங்கள்.
- டிக்கெட்டை விசா வந்த பிறகே உறுதி செய்யுங்கள், அல்லது தேதி மாற்றக்கூடியதாக எடுங்கள்.

விசா மூன்று மாதத்துக்கு மட்டும் வந்து, ரெசிடென்சி ஆறு மாதம் என்றால், அங்கே போனதும் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். பெர்லினில் அதைப் பார்க்கும் அலுவலகத்தைச் சுருக்கமாக எல்ஈஏ என்பார்கள். விசா முடிவதற்கு முன் விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். இதில் ஒரு நாள்கூடத் தவறக்கூடாது. முன்னதாகவே விண்ணப்பித்துவிட்டால், முடிவு வரும்வரை நீங்கள் இருப்பது சட்டப்படி செல்லும். அதற்கு 'ஃபிக்ட்ஸியோன்ஸ்பெஷைனிகுங்' என்று ஒரு இடைக்காலச் சான்று தருவார்கள். அந்தச் சான்றை வாங்கியதும் எந்தப் பிரிவில் தந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். சட்டத்தின் 81ஆம் பிரிவில் 4ஆம் உட்பிரிவு என்றால் வெளிநாடு போய்த் திரும்பலாம். 3ஆம் உட்பிரிவு என்றால் ஜெர்மனியை விட்டுப் போனால் அதை வைத்துத் திரும்ப முடியாது. எங்கள் கட்டடத்தில் இருந்த வங்கதேசத்து ஓவியர் ஒருவர் தம்பி கல்யாணத்துக்கு டிக்கெட் எடுத்த பிறகுதான் இதைக் கவனித்தார். கல்யாணத்தை வீடியோ அழைப்பில்தான் பார்த்தார். இன்னொன்று, 2025 மே முதல் இந்த அனுமதிகளுக்கு டிஜிட்டல் புகைப்படம்தான். ஊரிலிருந்து அச்சிட்டுக் கொண்டுபோகும் படம் அங்கே உதவாது.

## 4. காப்பீடு

ஷெங்கனுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். டி விசாவுக்கும் போய் இறங்கும் நாளிலிருந்து காப்பீடு இருக்க வேண்டும். மலிவான பயணக் காப்பீடுகளில் ஏற்கெனவே உள்ள நோய்கள், பல் வைத்தியம், சில சமயம் 'வேலை செய்யும்போது ஏற்படும் காயம்' எல்லாம் விலக்கப்பட்டிருக்கும். உளி, பிரஸ், ரசாயனம் என்று புழங்குகிறவர்கள் அந்தக் கடைசி வரியை விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். நீரிழிவு, ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்கள் முழுக் காலத்துக்கும் மருந்தும், ஆங்கிலத்தில் மருத்துவர் சீட்டும் கொண்டுபோங்கள். அங்கே 'அப்போதேக்க' என்று எழுதிய கடையில்தான் மருந்து கிடைக்கும். டிஎம், ராஸ்மன் கடைகளில் சோப்பும் ஷாம்புவும் இருக்கும், காய்ச்சல் மாத்திரை இருக்காது. அவசரத்துக்கு 112. அவசரம் இல்லை, ஆனால் டாக்டர்களின் கிளினிக்குகள் மூடிய நேரம் என்றால் 116117.

## 5. பெட்டியில் எதை வைப்பது, எதை விடுவது

டர்பன்டைன், தின்னர், ஸ்ப்ரே ஃபிக்ஸேடிவ் எதுவும் விமானத்தில் போகாது. எண்ணெய் வண்ணக் குழாய்களைக் கொண்டுபோவதென்றால் 'எளிதில் தீப்பற்றாதது' என்று தயாரிப்பாளர் வெளியிடும் பாதுகாப்புத் தாளை அச்சிட்டு, பெட்டிக்குள் மேலாக வையுங்கள். உளி, கத்தி, கட்டர் எல்லாம் செக்-இன் பெட்டியில். பேட்டரிகள் கைப்பையில். நான் உளிகளை அப்பாவின் பழைய வேட்டித் துணியில் ஒவ்வொன்றாகச் சுற்றி, ஒரு தகர டப்பாவில் போட்டு எடுத்துப் போனேன். ஒன்றும் கேட்கவில்லை.

பொருட்களை அங்கேயே வாங்கலாம், கவலை வேண்டாம். ஆனால் உங்கள் கைக்குப் பழகிய கருவியை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

சாப்பாட்டுப் பொருளில் ஒரு எச்சரிக்கை. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் பால் பொருளும் இறைச்சியும் கொண்டுபோகக்கூடாது. நெய், பால்கோவா எல்லாம் இதில் அடங்கும். கறிவேப்பிலை, மாங்காய் போன்ற பச்சைப் பொருளுக்குத் தாவர நலச் சான்று வேண்டும். பொடிகள், புளி, அப்பளம், பெருங்காயம் எடுத்துப் போங்கள்.

முடிந்த படைப்புகளைக் கண்காட்சிக்காகக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவருவதென்றால், இந்திய வர்த்தக, தொழில் கூட்டமைப்பான ஃபிக்கி தரும் 'ஏடிஏ கார்னே' என்ற தற்காலிக ஏற்றுமதி ஆவணம் இருக்கிறது. விலைமதிப்புள்ள படைப்புகளுக்கு அது நல்லது. பத்துப் பன்னிரண்டு அச்சுகளை உருட்டி எடுத்துப் போகிறவர்களுக்கு, கிளம்பும்போது இந்திய சுங்கத்தில் அவற்றைக் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொண்டாலே திரும்பும்போது வாதாட வேண்டியிருக்காது. அதற்காக விமான நிலையத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் போங்கள்.

## 6. முதல் மூன்று நாள்: தபால்பெட்டிதான் முதல் வேலை

விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் போக ரயில் டிக்கெட் ஏபிசி மண்டலத்துக்கு எடுங்கள். ஊருக்குள் சுற்ற ஏபி போதும், விமான நிலையம் சி மண்டலத்தில் இருக்கிறது. காகித டிக்கெட்டை பிளாட்பாரத்தில் உள்ள சிறு இயந்திரத்தில் செருகி முத்திரை குத்த வேண்டும். குத்தாத டிக்கெட் டிக்கெட்டே இல்லை. பிடித்தால் 60 யூரோ.

வீடு வந்ததும் சாவி வாங்குவீர்கள். அப்போது சுவர், தரை, அடுப்பு, ஜன்னல் எல்லாவற்றையும் படம் எடுத்து, அன்றே நிர்வாகத்துக்கு மின்னஞ்சல் செய்யுங்கள். கதவு சாத்தினால் வெளியிலிருந்து தானாகப் பூட்டிக்கொள்ளும். குப்பை போடப் போனாலும் சாவி கையில் இருக்கட்டும். கட்டடம் முழுவதற்கும் ஒரே பூட்டுத் தொகுதி இருக்கும் இடங்களில் ஒரு சாவி தொலைந்தால் பல பூட்டுகளை மாற்றும் செலவு உங்கள் தலையில் விழலாம்.

இனி சொல்வதை இருமுறை படியுங்கள். பெர்லின் முகவரிகளில் வீட்டு எண் உண்டு, ஃபிளாட் எண் கிடையாது. பத்துக் குடும்பம் இருக்கும் கட்டடத்துக்கு ஒரே எண்தான். தபால்காரர் பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் கடிதம் போடுவார். பெயர் இல்லையென்றால் "இந்த முகவரியில் இப்படி ஒருவர் இல்லை" என்று கடிதம் திரும்பிப் போய்விடும். என் பெட்டியில் எனக்கு முந்தைய கலைஞரின் பெயர் இருந்தது. அது முக்கியமென்று எனக்குத் தோன்றவேயில்லை. வங்கி அட்டை, அதற்கான ரகசிய எண், வரி எண் மூன்றும் வெவ்வேறு நாளில் வந்து, மூன்றும் திரும்பிப் போயின. என் ஏழு வாரத்தில் நாலு வாரம் இதில்தான் கரைந்தது.

ஆகவே இறங்கிய அன்றே ஒரு வெள்ளைத் தாளில் பாஸ்போர்ட்டில் உள்ள குடும்பப் பெயரையும் உங்கள் பெயரையும் பெரிய எழுத்தில் எழுதி, தபால்பெட்டியிலும் அழைப்பு மணியிலும் ஒட்டுங்கள். ரெசிடென்சி நிறுவனத்தின் பெட்டிதான் உங்களுக்கும் என்றால், எல்லா இடத்திலும் முகவரியில் உங்கள் பெயருக்குக் கீழே 'கேர் ஆஃப்' போட்டு நிறுவனத்தின் பெயரைச் சேருங்கள். பெயரை ஒட்டிவிட்டு ஒரு படம் எடுத்து வைத்தேன். கும்பகோணத்தை விட்டு அதிகம் வெளியே போகாத அப்பாவின் பெயர் பெர்லினில் ஒரு தகரப் பெட்டியில் இருந்தது. அந்தப் படத்தை அவருக்கு அனுப்பினேன்.

சிம் கார்டு சூப்பர்மார்க்கெட்டிலேயே கிடைக்கும். ஆனால் பாஸ்போர்ட் சரிபார்த்த பிறகுதான் வேலை செய்யும். வீடியோ அழைப்பில் நடக்கும் சரிபார்ப்பு எல்லா நாட்டுப் பாஸ்போர்ட்டையும் ஏற்காது. அப்படியானால் தபால் நிலையத்தில் நேரில் காட்டும் முறையைத் தேர்ந்தெடுங்கள். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமை போய் இறங்குகிறவர்கள் அன்றே அரிசி, பால், ரொட்டி வாங்கிவிடுங்கள். தவறவிட்டால் ஹாப்ட்பான்ஹோஃப் என்கிற தலைமை ரயில் நிலையத்துக்குள் இருக்கும் கடைகளுக்குப் போகலாம். குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம். பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் கேனுக்கும் 25 சென்ட் முன்பணம் சேர்த்து வாங்குவார்கள். தூக்கி எறியாமல் கடை இயந்திரத்தில் திருப்பிக் கொடுங்கள்.

## 7. அன்மெல்டுங்

மூன்று மாதத்துக்குக் குறைவாகத் தங்கும் வெளிநாட்டவருக்கு இது தேவையில்லை. அதற்கு மேல் என்றால் குடிவந்த 14 நாளுக்குள் பதிய வேண்டும். பெர்லினில் இதற்குக் கட்டணம் இல்லை. பதியும் இடம் 'பியூர்கர்அம்ட்'. ஊர் முழுக்கப் பல கிளைகள் உண்டு. எந்தக் கிளையிலும் பதியலாம், உங்கள் பகுதிக் கிளைதான் என்றில்லை. இது தெரியாமல் நான் குரோய்ட்ஸ்பெர்க் கிளையையே நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பாயின்ட்மென்ட் பெர்லின் நகர இணையதளத்தில் எடுக்க வேண்டும். "பெர்லின் முழுவதும்" என்று தேடுங்கள். வாரக்கணக்கில் எதுவும் இல்லை என்று காட்டும். மனம் தளராதீர்கள். மற்றவர்கள் ரத்து செய்யும் இடங்கள் காலையில் திறக்கும். எட்டு மணியை ஒட்டி உட்கார்ந்து பக்கத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருந்ததில் எனக்கு ஊரின் மறுகோடியில் ஒரு கிளையில் இடம் கிடைத்தது. 115 என்ற எண்ணிலும் கேட்கலாம். சென்னையில் இருக்கும்போதே, போய் இறங்கும் தேதிக்கு அடுத்த வாரத்தில் ஒரு நேரம் எடுத்துவிட்டால் இந்த அவதியே இல்லை. தேதி 14 நாளைத் தாண்டினாலும் அப்பாயின்ட்மென்ட் எடுத்த மின்னஞ்சலை வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு 23ஆம் நாள்தான் கிடைத்தது. யாரும் அபராதம் கேட்கவில்லை.

கொண்டுபோக வேண்டியவை மூன்று: பாஸ்போர்ட், நிரப்பிய பதிவுப் படிவம், வீடு தருபவர் கையெழுத்திட்ட 'வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங்'. வாடகை ஒப்பந்தம் இந்த மூன்றாவதுக்கு ஈடாகாது. அழைப்புக் கடிதமும் ஆகாது. நான் இரண்டையும் எடுத்துப் போனேன், சான்றுக்குக் கையெழுத்துப் போட வேண்டியவர் ஊரில் இல்லை. முதல் அப்பாயின்ட்மென்ட் அதில் வீணானது. விமானம் ஏறும் முன்பே இந்தச் சான்றைக் கையெழுத்தோடு தயாராக வைக்கச் சொல்லுங்கள்.

படிவத்தில் மதம் கேட்கும் இடத்தைக் கவனியுங்கள். கத்தோலிக்கர், புரோட்டஸ்டன்ட் என்று எழுதினால் தேவாலய வரிக்குப் பதிவாகிவிடும். பெர்லினில் அது வருமான வரியில் 9 விழுக்காடு. உதவித்தொகைக்கு வரியே இல்லாவிட்டால் இதுவும் இராது, ஆனால் தெரிந்து எழுதுங்கள்.

அதிகாரிக்கு ஆங்கிலம் பேச வேண்டிய கட்டாயம் இல்லை. ஜெர்மன் தெரிந்த ஒருவரை ரெசிடென்சியிலிருந்து அழைத்துப் போங்கள். வேலை பத்து நிமிடம்தான். வெளியே வரும்போது 'மெல்டெபெஷ்டேட்டிகுங்' என்ற ஒரு பக்கத் தாள் தருவார்கள். அதைப் படம் எடுத்து, பத்துப் பிரதி போட்டு வையுங்கள்.

## 8. பணம்

கையில் குறைந்தது 500 யூரோ ரொக்கமும், ஒரு ஃபாரெக்ஸ் கார்டில் இரண்டு மாதச் செலவும் வைத்துக்கொண்டு போங்கள். எனக்கு முதல் தவணை ஏப்ரல் கடைசியில்தான் வந்தது. சிறு கடைகளும் உணவகங்களும் இன்னமும் ரொக்கம் மட்டும் கேட்கும், அல்லது ஜெர்மன் வங்கி அட்டை மட்டும்.

கணக்குத் தொடங்க ஒரு வங்கி மறுத்தால், 'பாசிஸ்கோன்டோ' கேளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டப்படி தங்கியிருக்கும் எவருக்கும் அந்த அடிப்படைக் கணக்கு உரிமை. எனக்கு முதல் வங்கியில் 'வரி எண் வரட்டும்' என்றார்கள், இரண்டாவதில் வரி எண்ணைப் பின்னால் கொடுக்கலாம் என்றார்கள். ஒரு இடத்தில் 'முடியாது' என்றால் அடுத்ததற்குப் போங்கள்.

வாடகை போக என் மாதச் செலவு இப்படி இருந்தது: சமைத்துச் சாப்பிட 270 யூரோ, ஊருக்குள் பயணத்துக்கு டாய்ச்லாண்ட்டிக்கெட் 58, தொலைபேசி 10, காப்பீடு 45, காகிதமும் மையும் பலகையும் சேர்ந்து 150 முதல் 200. டாய்ச்லாண்ட்டிக்கெட் 2026 முதல் 63 யூரோ ஆகிவிட்டது. நாடு முழுவதும் உள்ளூர் ரயிலுக்கும் பேருந்துக்கும் அது செல்லும், விரைவு ரயில்களுக்குச் செல்லாது. முக்கியமாக அது சந்தா. நிறுத்தச் சொல்லும்வரை மாதாமாதம் பிடித்துக்கொண்டே இருப்பார்கள்.

மாதத்தின் முதல் ஞாயிறு மியூசியங்கள் இலவசம் என்று பழைய குறிப்புகளில் பார்ப்பீர்கள். அது 2024 முடிவோடு நின்றுவிட்டது.

## 9. பதிந்த பிறகு வரும் கடிதங்கள்

இரண்டு முதல் நான்கு வாரத்தில் 11 இலக்க வரி எண் வரும். அது வாழ்நாள் முழுக்க உங்களுக்கானது, தொலைக்காதீர்கள்.

அடுத்து, வானொலி தொலைக்காட்சிக் கட்டணம் கேட்டு ஒரு கடிதம் வரும். டிவி இல்லையென்றாலும் உண்டு. வீட்டுக்கு ஒன்று, மாதம் 18.36 யூரோ, மூன்று மாதத்துக்குச் சேர்த்து 55.08. ஒரே வீட்டில் யாராவது ஏற்கெனவே கட்டினால் நீங்கள் கட்ட வேண்டாம். அவருடைய கட்டண எண்ணை எழுதி அனுப்பினால் போதும். விளம்பரத் தாள் என்று நினைத்துக் கிழித்துப் போட்டால் தாமதக் கட்டணத்தோடு திரும்ப வரும். நிர்வாகத்திடம் முதல் வாரமே இதைக் கேளுங்கள்.

ஜெர்மன் கடிதம் எதுவானாலும் வந்த அன்றே கைபேசியில் மொழிபெயர்த்துப் படியுங்கள். அதில் 'ஃபிரிஸ்ட்' என்ற சொல் இருந்தால் கெடு தேதி இருக்கிறது என்று பொருள்.

## 10. ஸ்டூடியோ

என் ஸ்டூடியோவில் பிரஸ் இல்லை. இருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். மரியான்னன்பிளாட்ஸில் பழைய பெத்தானியன் கட்டடத்தில் பெர்லின் காட்சிக் கலைஞர்கள் சங்கமான பிபிகேயின் அச்சுப் பட்டறை இருக்கிறது. வெட்டிங் பகுதியில் அவர்களுடைய சிற்பப் பட்டறை. இரண்டிலும் தொழில்முறைக் கலைஞர்கள் கட்டணம் கட்டி வேலை செய்யலாம். ஆனால் முன்பதிவு வேண்டும், நீங்கள் கலைஞர் என்பதற்குச் சான்றும் வேண்டும். ஊரிலிருந்தே எழுதிக் கேளுங்கள்.

காகிதமும் மையும் மோரிட்ஸ்பிளாட்ஸில் உள்ள மோடுலர் கடையில் வாங்கினேன். பலகைக்கு பெரிய ஹார்டுவேர் கடைகளுக்குப் போங்கள். அளவு சொன்னால் அங்கேயே வெட்டித் தருவார்கள். பாப்லர் ப்ளைவுட் மலிவு, உளிக்கு வெண்ணெய்போல் போகும், ஆனால் மெல்லிய கோட்டின் ஓரத்தில் நார் பிய்ந்து வரும். பிர்ச் ப்ளைவுட்டில் கை வலிக்கும், கோடு நிற்கும். நான் இரண்டு பாப்லர் பலகையைக் கெடுத்த பிறகு பிர்ச்சுக்கு மாறினேன்.

கரைப்பானைத் தொட்டியில் ஊற்றக்கூடாது. மூடியுள்ள ஜாடியில் சேர்த்து, நகராட்சிக் குப்பை நிறுவனமான பிஎஸ்ஆரின் அபாயக் கழிவு எடுக்கும் மையத்தில் கொடுக்க வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரையும், ஞாயிறு முழுவதும் சுத்தியல் சத்தம் கூடாது. நான் சுத்தியல் வேலையைச் சனிக்கிழமைக்குள் முடித்து, ஞாயிறுகளை அச்சு எடுக்க வைத்துக்கொண்டேன்.

அச்சுக் கலைஞர்களுக்கு ஒரு வார்த்தை. குல்டுர்ஃபோரம் என்ற மியூசிய வளாகத்தில் உள்ள குப்ஃபர்ஷ்டிஷ்கபினெட் என்ற அச்சுப்பட மியூசியத்தின் வாசிப்பறையில், முன்கூட்டியே எழுதிக் கேட்டால், மூல அச்சுகளை மேசையில் வைத்துப் பார்க்க விடுவார்கள். ஜெர்மன் அச்சுக் கலைஞர் கேத்தே கொல்விட்ஸின் ஒரு வுட்கட் என் முன்னால் கண்ணாடி இல்லாமல் கிடந்தது. அவர் உளி எங்கே தயங்கியது, எங்கே ஒரே இழுப்பில் போனது என்று தெரிந்தது. அந்த இரண்டு மணி நேரத்துக்காக மட்டுமே இன்னொரு முறை விசாவுக்கு வரிசையில் நிற்பேன்.

ஊர் ஞாபகம் வந்தால் பிரிட்ஸில் மயூரபதி முருகன் கோயில் இருக்கிறது, யூ7 ரயிலில் பிளாஷ்கோஅலே நிறுத்தம். இலங்கைத் தமிழர்கள் எழுப்பிய கோயில். கறிவேப்பிலை எந்தக் கடையில் கிடைக்கும் என்பதை அங்கே சந்தித்த ஒரு அக்காதான் எனக்குச் சொன்னார்.

## 11. கிளம்பும் முன்

கடைசி மாதம் 10ஆம் தேதிக்குள் டாய்ச்லாண்ட்டிக்கெட்டை ரத்து செய்யுங்கள். 10 தாண்டினால் அடுத்த மாதத்துக்கும் பணம் போகும். வீட்டைக் காலி செய்வதற்கு ஒரு வாரம் முன்பிருந்து, காலி செய்த இரண்டு வாரம் வரை 'அப்மெல்டுங்' செய்யலாம், அதாவது முகவரிப் பதிவை நீக்குவது. இதற்கு நேரில் போக வேண்டியதில்லை. அந்தச் சான்று வந்தால்தான் தொலைக்காட்சிக் கட்டணத்தை நிறுத்த முடியும். அதற்குத் தனியாக எழுத வேண்டும், தானாக நிற்காது.

சுவரில் அடித்த ஆணி ஓட்டைகளை அடைத்து வெள்ளையடியுங்கள். சாவி கொடுக்கும்போது ஒப்படைப்புத் தாளில் இருவரும் கையெழுத்திட்டு ஒரு பிரதி வாங்குங்கள். முன்பணம் கொடுத்திருந்தால் எந்தக் கணக்குக்குத் திரும்ப வரும் என்று அதிலேயே எழுதச் சொல்லுங்கள். வங்கிக் கணக்கை அதுவரை மூடாதீர்கள்.

அச்சுகளை உருட்டிக் கையோடு எடுத்து வந்தேன். "இவை இந்தக் கலைஞர் இங்கே தங்கிச் செய்தவை, விற்பனைக்கு அல்ல" என்று ரெசிடென்சியின் தாளில் எண்ணிக்கையோடு ஒரு கடிதம் வாங்கியிருந்தேன். சென்னை சுங்கத்தில் அதைப் படித்துவிட்டு விட்டுவிட்டார்கள். பலகைகள் எடை கூடுதல் என்பதால் நான்கை மட்டும் கொண்டுவந்தேன்.

தபால்பெட்டியில் உங்கள் பெயரை உடனே உரிக்க வேண்டாம் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டு வாருங்கள். அடுத்து வருபவர் பெயரை அதன் கீழே ஒட்டட்டும். எனக்குத் தொலைக்காட்சிக் கட்டணம் நிறுத்தப்பட்ட கடிதம் செப்டம்பர் கடைசியில்தான் அங்கே போய்ச் சேர்ந்தது. அவர்கள் பிரித்துப் படம் எடுத்து அனுப்பினார்கள். அதன் பிறகு, இனி பெயரை எடுத்துவிடலாம் என்று நான் எழுதினேன்.